உத்திரம்: இருபத்திரண்டு தட்டு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற கட்டடப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் இருப்பவர் அவர். பழைய பரிசோதனைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை நடக்கிறது. புதிய படிவத்தில் ஒரு கட்டடத்துக்கு மூன்று கட்டங்கள்தான்: கூரை, சுவர், தரை.

“சேர், உங்க பதிவேட்டுல உத்திரம்னு எழுதின இடத்துல எல்லாம் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கு. பதினெட்டு, இருபது, இப்படி. அது என்ன?”

“சுத்தியலால தட்டின எண்ணிக்கை.”

“ஒரே ஒரு இடத்துல மட்டும் நம்பர் இல்ல. பிள்ளைக் காம்பரா. ‘உத்திரம், நலம்’னு மட்டும் இருக்கு. அதுக்குக் கீழ சிவப்பு மையில என்னமோ எழுதியிருக்கீங்க. அதை எந்தக் கட்டத்துல போடுறது சேர்?”

எந்தக் கட்டத்திலும் அடங்காது என்று எனக்குத் தெரியும். எழுதி அனுப்புகிறேன் என்றேன். நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். வேலையில் இருந்த முப்பத்தொரு வருடத்துக்கும் முப்பத்தொரு குறிப்பேடுகள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அதனால் கீழே வரும் நேரங்களும் அளவுகளும் ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதியவை அல்ல.

தொழில் கற்ற காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹட்டனில் உயர்தரம் படித்தேன். இரண்டு வருடம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் கீறினேன். இருபத்தாறு வயதில் கட்டட ஓவர்சியராகச் சேர்ந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், தேயிலைத் தொழிற்சாலைகள், மருந்துக் காம்பராக்கள் என்று பன்னிரண்டு தோட்டங்களின் கட்டடங்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. வருடத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொன்றையும் பார்த்துப் பதிய வேண்டும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம். எந்த மழையிலும் முழுக்கைச் சட்டைதான். அரை இறாத்தல் சுத்தியல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி இடது காற்சட்டைப் பையில் வைத்திருப்பார். கட்டடத்துக்குள் போனதும் யாருடனும் பேசமாட்டார். முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார். பிறகு ஏணியை வைக்கச் சொல்வார். சுத்தியலை எடுத்துக் கைக்குட்டையை மடித்து மறு பையில் வைப்பார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கெட்ட மரம் பொத்தென்று விழுங்கிக்கொள்ளும். கடைசித் தட்டு முடியும்வரை அவர் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

பதிவேட்டில் முதலில் பென்சிலால் எழுதுவார். வாசலுக்கு வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அதன்மேல் மையால் எழுதுவார். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு லயத்தைப் பார்த்துவிட்டு ‘மரம் பழுது’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினார்.

“காட்டில நிக்கிறதுதான் மரம். கூரைக்குக் கீழ வந்தா அதுக்கு ஒரு வேலைப் பேர் இருக்கு. அந்தப் பேரை எழுதும்.”

அவருடைய ஊரில் அதற்குப் பெயர் தீராந்தி. எங்கள் பிரிவின் தச்சரான பியசேன பாஸ் சிங்களத்தில் பால்க்கய என்பார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாருக்கு அது பீம். லயத்தில் எங்கள் ஆட்கள் உத்திரம் என்பார்கள். எதை எழுதுவது என்று கேட்டேன்.

“அதுக்குக் கீழ படுக்கிற சனம் என்ன சொல்லுது?”

“உத்திரம்.”

“அப்ப அதையே எழுதும்.”

எந்த மரம் உத்திரம், எது அல்ல என்பதற்கு அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. இது எதைத் தாங்குது? இதை எது தாங்குது? இதைக் கழட்டினா எது கீழ வரும்? மூன்றாவது கேள்விக்கு ‘இரண்டு தகரம்’ என்பது பதிலானால் அது கைமரம், அல்லது சட்டம். ‘கூரை’ என்பது பதிலானால் அது உத்திரம். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. எங்கள் பிரிவில் ஒரு விதி. பதிவேட்டில் ‘உத்திரம், பழுது’ என்று ஓவர்சியர் எழுதிக் கையெழுத்து வைத்தால் அந்தக் கட்டடம் அன்றே மூடப்பட வேண்டும். துரையின் அனுமதி தேவையில்லை. வேறு எந்த மரத்தின் பெயருக்கும் அந்த அதிகாரம் இல்லை. கைமரம் பழுதென்றால் அது திருத்த வேலைப் பட்டியலில் சேரும். வரிசை வரும்போது ஆள் போவான். அதனால்தான் பல ஓவர்சியர்மார் அந்தச் சொல்லைத் தொடப் பயந்து, ‘மரம்’ என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்ந்தார்கள்.

இனி அந்தப் பிள்ளைக் காம்பராவுக்கு வருகிறேன்.

டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒரே நீண்ட அறை. அறையின் நடுவே நீளத்துக்கு ஓர் உத்திரம், இருபத்திரண்டு அடி. கூரையின் பாரம் நடுவில் அதன்மேல்தான் இறங்குகிறது. அதே உத்திரத்தில் சேலைத் தொட்டில்கள் எட்டு வரிசையாகத் தொங்கும். கயிறு உரசி உரசி எட்டு இடத்திலும் மரம் வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது. ‘எந் தொட்டில் கட்டுன பள்ளத்துலதான் எம் பிள்ளைக்கும் கட்டணும்’ என்று வரும் தாய்மார் உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் செல்லம்மா அக்கா. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். என் வயதை விடக் குறைவுதான். ஆனாலும் தோட்டம் முழுக்க அக்கா என்றதால் நானும் அப்படியே அழைத்தேன்.

ஒரு பெப்ரவரி மாதம், வியாழக்கிழமை, காலை பத்தேகால். பியசேன பாஸை வெளியே தகரம் பார்க்க அனுப்பிவிட்டு ஏணியோடு உள்ளே போனேன். எட்டுத் தொட்டிலும் அசையாமல் தொங்கின. செல்லம்மா அக்கா உதட்டில் விரலை வைத்தார்.

“ஐயா, புண்ணியமாப் போகும். ஒம்பது மணியிலருந்து ஆட்டி இப்பதான் எட்டும் கண்ண மூடுச்சு. ஒண்ணு முழிச்சா எட்டும் முழிச்சிரும்.”

அன்று எனக்கு இன்னும் நான்கு கட்டடங்கள் பாக்கி. ஏணியை வைக்காமல் கீழே நின்றே டோர்ச் அடித்துப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட் பூசிய உத்திரம். வெடிப்பில்லை, செல் அரித்த தடம் இல்லை. சுத்தியலைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ‘உத்திரம், நலம்’ என்று எழுதினேன். பக்கத்தில் 22 என்று எழுதப் பேனாவை வைத்தேன், எழுதவில்லை. தட்டாத எண்ணை எழுத மனம் வரவில்லை. இடத்தை வெறுமையாக விட்டேன். சிவபாதம் ஐயா அந்த மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை அதே தோட்டத்தில் கூரையோரப் பீலி உடைந்து மழைத்தண்ணீர் சுவரில் அடிக்கிறது என்று செய்தி வந்து போனேன். காலை ஒன்பது இருபது. செல்லம்மா அக்கா நான்காவது தொட்டிலின் கயிற்றை அவிழ்த்து மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, பிள்ளை வளர்ந்துட்டானா?”

“அவன் வளந்தா நல்லதுதானே. இந்தக் கயிறு பாருங்கய்யா, பனிக்கு இளகி இளகி இறங்குது. கெழமைக்கு ஒருக்கா ரெண்டு விரக்கடை ஏத்திக் கட்டுறேன். இல்லாட்டிப் பிள்ளைக்கு முதுகு தரையில முட்டுது.”

“எட்டுமா இறங்குது?”

“நடுவுல உள்ள நாலுதான். ஓரத்துல உள்ளதெல்லாம் சரியா இருக்கு. கடையில கயிறு மாத்திக் குடுத்துட்டான் போல.”

எட்டும் ஒரே சுருளில் வெட்டிய கயிறு. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அளவு நாடாவை எடுத்தேன். சுவரோரம் தரையிலிருந்து உத்திரத்தின் அடிவரை எட்டடி ஆறு அங்குலம். நடுவில் எட்டடி மூன்றே முக்கால் அங்குலம். மறுபடி அளந்தேன். அதே அளவு. தரையை மட்டப் பலகை வைத்துப் பார்த்தேன். தரை சரியாக இருந்தது. கயிறு இறங்கவில்லை. உத்திரம் இறங்கியிருந்தது.

ஏணியில் ஏறிச் சுத்தியலை எடுத்தேன். முதல் ஏழு தட்டுக் கணீர். எட்டாவது மந்தம். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுவரை ஒரு சாக்குமூட்டையைத் தட்டியது போல இருந்தது. பதினான்கிலிருந்து மறுபடி கணீர். உத்திரத்தின் மேல்முகத்தில் கையை வைத்துத் தடவினேன். என் விரல்கள் மரத்துக்குள் போயின. கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் எத்தனையோ மழைக்காலமாக உத்திரத்தின் தலையில் விழுந்து ஊறியிருக்கிறது. கீழே நின்று டோர்ச் அடித்தவனுக்கு அது எந்தப் பிறவியிலும் தெரியாது. பெப்ரவரியிலேயே தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்குக் கீழே எட்டுப் பிள்ளைகள்.

இறங்கியதும் தொட்டில்களை அவிழ்க்கச் சொன்னேன். அப்போது மழை வலுத்ததால் மலையிலிருந்து சில தாய்மார் பால் கொடுக்க ஓடிவந்திருந்தார்கள். காம்பராவை மூடப் போகிறேன் என்றதும் சத்தம் கிளம்பியது. மல்லிகா என்று ஒரு பெண், தலையில் சாக்குப் படங்கோடு முன்னுக்கு வந்தாள்.

“மூடுனா பிள்ளைய எங்கய்யா போடுறது? கொழுந்துக் கூடையிலயா? மத்தியானத்தோட நின்னா அரைப் பேருதான் போடுவாங்க, அரை நாள் கூலிதான். ஒங்களுக்கு மாசம் பொறந்தாச் சம்பளம்.”

“மரந்தானே, ஒரு முட்டுக் குடுத்துட்டுப் போங்க,” என்றாள் இன்னொருத்தி.

“மரமில்ல. உத்திரம்,” என்றேன்.

மல்லிகா அண்ணாந்து பார்த்தாள். லயத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அவள் நேரே போய் மூன்றாவது தொட்டிலிலிருந்து தன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் அடுத்த தொட்டில் பிள்ளையையும் எடுத்தாள். பத்து நிமிடத்தில் அறை காலியானது.

தோட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பெரிய துரையிடம் சொன்னேன். அவர் சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட மனிதர் அல்ல. ஆனால் வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குபவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பெயின்ட் அடித்து யானைப் படம் வரைந்திருந்தார்கள்.

“ஓவர்சியர், மரம் பழுதுன்னு போடுங்க. கீழ ரெண்டு முட்டுக் குடுப்போம். சனிக்கிழம நானே நின்னு மாத்தித் தாறேன். மூணு நாள்தானே.”

“மூணு நாளும் மழை சேர்.”

“நாலு மாசத்துக்கு முந்தி நீங்கதானே நலம்னு எழுதினது?”

அவர் கேட்டதில் தவறில்லை. உத்திரம் பழுது என்று எழுதினால் முந்தைய பதிவு என்னைக் காட்டிக்கொடுக்கும். மரம் பழுது என்று எழுதினால் இரண்டும் அக்கம்பக்கமாகச் சமாதானமாக இருந்துவிடும். எனக்கு அது நன்றாகவே விளங்கியது. அலுவலகத் தொலைபேசியில் சிவபாதம் ஐயாவை எடுத்தேன்.

“ஐயா, பிள்ளைக் காம்பரா உத்திரம் எட்டிலிருந்து பதின்மூன்று பொத்தல். இரண்டே கால் அங்குலம் இறங்கியிருக்கு.”

“மாசியில நீர் தட்டேக்க என்ன சத்தம்?”

“தட்டலைங்க ஐயா. பிள்ளைகள் தூங்கிக்கிட்டிருந்துச்சு.”



“ஓம். இண்டைக்குத் தட்டினீரோ?”

“இருபத்திரண்டும்.”

“அப்ப இண்டையான் பதிவை எழுதும். மாசிப் பதிவுக்குக் கீழ, தட்டாமல் எழுதினது எண்டு சிவப்பு மையால போட்டு ஒப்பமிடும். வெட்டக் கூடாது, அழிக்கக் கூடாது. இரண்டும் கிடக்கட்டும். எழுதினாப் பிறகு துரையிட்டக் காட்டும்.”

அதுதான் தர்ஷினி பார்த்த சிவப்பு மை. பதினொன்றே கால் மணிக்கு ‘உத்திரம், 22, பழுது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் துரையின் மேசையில் விரித்து வைத்தேன். அவர் இரண்டு பதிவுகளையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி. இனி என்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம். பிள்ளைங்களுக்கு எடம் மட்டும் நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். நடக்கிற தூரத்தில் தொட்டில் கட்டும் உயரத்தில் உத்திரம் உள்ள கட்டடங்கள் மூன்று. மருந்துக் காம்பராவில் நோயாளிகள். கோயில் மண்டபத்துக்குச் சுவரில்லை, சாரல் அடிக்கும். மூன்றாவது, அலுவலகத்து ஆட்கள் மாலையில் கெரம் விளையாடும் ஸ்டாப் கிளப். இருபது அடி உத்திரம் ஒன்று. இருபதும் தட்டினேன். இருபதும் கணீர். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எட்டுத் தொட்டிலும் கிளப்புக்குள் ஏறின. கெரம் போட் சுவரோரம் போனது. தாய்மார் மலைக்குத் திரும்பினார்கள். அன்று யாருக்கும் அரைப் பேர் விழவில்லை.

மாலையில் அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வழக்கம்போலக் கெரம் பவுடர் டப்பாவோடு கிளப்புக்கு வந்தாராம். செல்லம்மா அக்கா வாசலில் மறித்தாராம். “பவுடரா? குடுங்க குடுங்க, இங்க எட்டுப் பேருக்கு முடிஞ்சிருச்சு,” என்று டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாராம். இதை நான் நேரில் பார்க்கவில்லை. சொன்ன நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் குறித்து வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை பியசேன பாஸ் நான்கு முட்டுக் கொடுத்து, ஜக் வைத்துக் கூரையை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். நான் கினிகத்தேனைக்குப் போனேன். பலா மரம் விளையும் கீழ்ப்பகுதி அதுதான். அங்கே மரம் விற்கும் மரக்காலை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் இருபத்திரண்டடியில் ஒரே துண்டு கேட்டேன்.

“ரெண்டு துண்டா எடுங்க சேர், இணைச்சிக்கலாம். ஒரே துண்டு எதுக்கு?”

“பிள்ளைக் காம்பராவுக்கு. உத்திரம்.”

நானா எழுந்து பின்பக்கம் போய், வேறொருவருக்காக ஒதுக்கி வைத்திருந்த பலாத் துண்டின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டார். லொறியில் ஏற்றுமுன் அங்கேயே தட்டினேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை விருந்தினர் வந்தார்கள். காம்பராவில் கூரையைத் தூக்கிக்கொண்டு பாஸ் நிற்கிறார். யானைப் படத்தைப் பார்க்க யாருமில்லை. துரை அவர்களைக் கிளப்புக்கு அழைத்துப் போனார். கெரம் போட்டுக்குப் பக்கத்தில் எட்டுத் தொட்டில். அவர்கள் அதைத்தான் அதிகம் படம் பிடித்தார்கள். பழுதைக் கண்ட அன்றே பிள்ளைகளை மாற்றிவிட்டோம் என்று துரை அவர்களுக்கு விளக்கினார். நான் கதவோரம் நின்றேன். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். என் சத்தம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை பழைய உத்திரத்தை இறக்கினோம். பாஸ் நடுவில் வாளை வைத்து அறுத்தார். மேலே ஐந்து அங்குலத்துக்கு உள்ளே மரமே இல்லை. கறுத்த தூள், டஸ்ட் தேயிலை மாதிரி, வாளியில் அள்ளினோம். மிச்சமிருந்த மூன்று அங்குலம்தான் கூரையையும் எட்டுப் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. பாஸ் வாளைக் கீழே வைத்தார். “மஹத்தயா, இந்தக் கிழமை தாண்டியிருக்காது,” என்றார்.

புதிய உத்திரம் ஏறியது. தொட்டில் கட்டக் கொக்கி போடத் துளை போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், கயிற்றையே சுற்றுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவுக்காகப் போனேன். அதே காட்சி. எட்டுத் தொட்டிலும் அசையாமல் தொங்கின. நான் ஏணியோடு வாசலில் தயங்கினேன். செல்லம்மா அக்கா என்னையும் சுத்தியலையும் பார்த்தார். தன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டில்களுக்கு நடுவே போய் நின்றார்.

“அழுதா நான் பாத்துக்கிறேன். நீங்க தட்டுங்கய்யா.”

தட்டினேன். இருபத்திரண்டு.

முப்பத்தொரு வருடத்தில் நான் மூடிய கட்டடங்கள் பல. எந்த ஒன்றிலும் ஒரு மனிதருக்கும் கீறல்கூட விழவில்லை என்பதைப் பெருமையாகவே எழுதுகிறேன். எழுத எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். அதைவிடப் பெருமை அந்தச் சிவப்பு மை. அதை அழிக்காமல் வைத்திருந்த பதிவேட்டில்தான் மற்ற எண்களுக்கு மதிப்பு.

இதைத் தர்ஷினிக்கு அனுப்ப எழுதிக்கொண்டிருந்த நேரம், நேற்றுக் காலை, அவரே மறுபடி அழைத்தார். அந்தத் தோட்டத்துக்குத்தான் போயிருந்தாராம்.

“சேர், பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். எல்லாப் பிள்ளையும் தூங்குது. சத்தம் போடாம டெப்ல படம் மட்டும் எடுத்துட்டு வரலாம்னு பாத்தேன். அங்க செல்லம்மான்னு ஒரு அம்மா. என் கையப் பாத்துட்டு, ‘சுத்தியல் எங்க மிஸ்?’னு கேட்டாங்க. அப்பதான் நீங்க சொன்ன தட்டு ஞாபகம் வந்துச்சு. இல்லன்னேன். உள்ள போய் இஞ்சி இடிக்கிற சின்ன உலக்கையக் கொண்டாந்து கையில குடுத்துட்டு, ஏணியையும் புடிச்சுக்கிட்டாங்க.”

“தட்டினீங்களா?”

“இருபத்திரண்டு, சேர். மூணு பிள்ளை எந்திரிச்சு அழுதுச்சு.”